இரண்டாவது முறை ஜெமினிக்குப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை என்று பலகை மாட்டிய கடை என்னுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் சும்மா கிடக்கும் அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து இறங்குவார்கள். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை வரை எங்கள் கடைக்கு ஆள் வருவது உண்டு. "அக்கா, விசா முடிஞ்சிருச்சு, ஸ்டாம்பிங் போகணும். போன தடவை மாதிரிதானே?" என்பார்கள். கீழக்கரைப் பிள்ளைகள் அக்காவுக்குப் பதில் லாத்தா என்பார்கள். கேள்வி ஒன்றுதான்: சென்னையில் ஜெமினி பக்கம் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய்ப் புது விசா வாங்குவது முதல் முறை மாதிரிதானா?

போன தடவை மாதிரி இல்லை. முதல் முறை போனபோது உங்கள் கையில் இருந்தது திட்டம் மட்டும். இன்ன படிப்பு, இத்தனை வருடம், இன்னார் பணம் கட்டுவார், முடித்ததும் இன்னது செய்வேன் என்று சொன்னீர்கள். அதிகாரி நம்பி விசா கொடுத்தார். இப்போது அந்தப் பழைய விண்ணப்பம் அவர் கணினியில் இருக்கிறது. சொன்னபடி நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே தயாரிப்பு என்பது, இடையில் போன வருடங்களுக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்லத் தெரிவது. விசா விண்ணப்பப் படிவம், கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைத் தாள், வங்கிக் காகிதம், உங்கள் வாய் நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் எஃப்-1 மாணவர் விசாவுக்கு, சென்னைத் துணைத் தூதரகத்துக்கு.

முதலில் பார்க்க வேண்டியவை

விசா என்பது நாட்டுக்குள் நுழைய மட்டும். அங்கேயே இருந்து படிக்கிறவருக்கு ஐ-20 செல்லுபடியாக இருந்தால் போதும், விசா தேதி முடிந்தது ஒரு குற்றம் இல்லை. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகிறவருக்குத்தான் புது விசா வேண்டும். இது தெரியாமல், விசா முடிவதற்குள் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று பரீட்சை நடுவில் பறந்து வந்தவர்கள் உண்டு.

கிளம்புவதற்கு முன்பே ஐ-20-யின் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படிக்கிறவர்களுக்கு அது ஒரு வருடம் நிற்கும், ஓபிடி என்கிற, படிப்பு முடித்த பின் வரும் பயிற்சி அனுமதியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆறு மாதம்தான். ஐந்து மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே தங்கினால் அமெரிக்க அரசு மாணவர்களைப் பதிந்து வைக்கிற செவிஸ் கணினியில் உங்கள் பழைய பதிவு போய்விடலாம், புது ஐ-20, புதுக் கட்டணம் என்று ஆகும். அக்கா கல்யாணம், தங்கை கல்யாணம் என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். செவிஸ் எண் மாறாமல் படிப்பு தொடர்ந்தால் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டாம், பழைய ரசீதே போதும். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் மட்டும் புதிதாகக் கட்ட வேண்டும்.

"சீனியர் அண்ணன் நேர்காணல் இல்லாம ட்ராப்பாக்ஸ்ல பாஸ்போர்ட்டைப் போட்டு வாங்கினாரே" என்று இன்னும் கேட்கிறார்கள். அது பழைய காலம். 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர்களுக்கு அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. புதுப்பிப்பவரும் கண்ணாடிச் சன்னல் முன்னால் போய் நின்றே ஆக வேண்டும். அங்கே படிக்கிறவர்கள் மெக்சிகோவுக்கோ வேறு பக்கத்து நாட்டுக்கோ போய் விசா முத்திரை அடித்துக்கொண்டு வந்த பழக்கமும் சுருங்கிவிட்டது. சொந்த நாட்டிலோ, வசிக்கிற நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள்.

படிவம்

டி.எஸ்-160 என்ற இந்த ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இருபது நிமிடம் கை வைக்காமல் இருந்தால் தானாக வெளியே தள்ளிவிடும். தொடங்கியவுடன் வரும் விண்ணப்ப எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் சேமியுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருவது எங்கள் ஊரில் தனி அறிவு.

பெயரில்தான் முதல் சிக்கல். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். முழுப் பெயரும் கீழ்க் கட்டத்தில் இருக்கும். அப்படி இருந்தால் படிவத்தில் அந்தப் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, மற்ற இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று நிரப்ப வேண்டும். விசாவிலும் அப்படியே வரும். அங்கே போய் ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாவற்றிலும் எஃப்என்யூ என்று வந்து சலித்துப்போய், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். நல்லதுதான், ஆனால் ஐ-20 இன்னும் பழைய பெயரிலேயே இருக்கும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி முதலில் அதைத் திருத்துங்கள், அப்புறம் படிவத்தைத் தொடுங்கள். பழைய பெயரை, வேறு பெயர்கள் உண்டா என்ற கேள்வியில் தவறாமல் காட்டுங்கள்.

பெற்றோரின் பிறந்த தேதி கேட்பார்கள். கடற்கரையில் பல அப்பாக்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. போன முறை என்ன கொடுத்தீர்களோ அதைத் தேடி எடுங்கள். போன முறை கொடுத்தது தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் சரியானதைக் கொடுங்கள், கேட்டால் காரணம் சொல்லுங்கள். பழைய டி.எஸ்-160 நகலைப் பெரும்பாலோர் வைத்திருப்பது இல்லை. இந்த முறையாவது முழுப் படிவத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

மாணவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பக்கம் உண்டு. நீங்கள் கொடுத்த விவரங்களை உறுதிசெய்யக்கூடிய இரண்டு பேர், நம் நாட்டில் இருப்பவர்கள், உறவினராக இருக்கக் கூடாது. இதில்தான் பிள்ளைகள் விழிப்பார்கள். தெருவில் பாதிப் பேர் மாமா, மீதிப் பேர் மச்சான். பள்ளித் தலைமையாசிரியர், கல்லூரியில் பாடம் எடுத்த பேராசிரியர், பங்குச் சாமியார், ஜமாஅத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று யாரையாவது போடுங்கள். போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணில் அழைப்பு வந்தால் எடுக்காத ஆட்கள் நாம்.

முந்தைய விசாவின் எண்ணைக் கேட்பார்கள். விசாத் தாளின் கீழே வலப்பக்கம் சிவப்பில் அச்சடித்த எண் அது, வேறு எதையும் எழுதிவிடாதீர்கள். விசா மறுக்கப்பட்டது உண்டா என்ற கேள்விக்கு, போன முறை 221(ஜி) தாள் கொடுத்துக் காக்க வைத்துப் பிறகு கொடுத்திருந்தாலும் "ஆம்" என்பதே சரி. ஏனென்றால் அவர்கள் கணக்கில் அதுவும் மறுப்புதான். இன்ன தேதி, கூடுதல் ஆவணம் கேட்டார்கள், கொடுத்தேன், விசா வந்தது என்று இரண்டு வரியில் எழுதலாம். குலம், பழங்குடி உண்டா என்று ஒரு கேள்வி வரும். சாதிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். அது இங்கே வேலைக்கு ஆகாது, நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை என்றே கொடுக்கிறார்கள்.

உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டது உண்டா என்ற கேள்வியை மட்டும் வீட்டில் கேட்காமல் நிரப்பாதீர்கள். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய தாய்மாமா, பத்து பன்னிரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்காக ஒரு மனு போட்டுவிட்டு மறந்தே போயிருப்பார். அந்த வரிசை இந்தியர்களுக்கு அவ்வளவு நீளம். அப்போது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பீர்கள், உங்கள் பெயரும் அதில் சேர்ந்திருக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு நிரப்புவது நல்லது. மனு இருப்பதாலேயே மறுத்துவிடுவார்கள் என்று இல்லை, மறைத்ததுதான் கெடுக்கும்.

சமூக ஊடகம்: கடந்த ஐந்து வருடம் பயன்படுத்திய எல்லாக் கணக்கும் வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். பையன்களுக்கு இன்ஸ்டாவில் ஒரு கணக்கோடு நிற்காது. சொந்தப் பெயரில் ஒன்று, நடிகர் ரசிகனாக ஒன்று, அப்பா படகின் பெயரில் ஒன்று. எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டது நண்பன் ஒருவன் டேக் செய்த படத்தில் அகப்படும்.

புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, கண்ணாடி கூடாது. மதத்துக்காகத் தலை மறைப்பவர்கள் மறைக்கலாம், முகம் முழுதாகத் தெரிய வேண்டும். போன விசாவில் இருக்கிற அதே படத்தைக் கொண்டு போனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஸ்லாட்

படிவத்தின் உறுதிப் பக்கத்தில் இருக்கிற எண்ணும், ஸ்லாட், அதாவது நேர்காணல் தேதிக்கான பதிவில் கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தைத் திருத்தி மறுபடி போட்டால் எண் மாறும், பதிவிலும் மாற்ற வேண்டும். கட்டிய பணத்துக்கு ஒரு முறைதான் தேதி மாற்றலாம், அடுத்த முறைக்குப் புதிதாகக் கட்ட வேண்டும். கோடையில் ஸ்லாட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊருக்கு டிக்கெட் போடும் முன்பே அங்கிருந்தே தேட ஆரம்பியுங்கள். கிடைத்த தேதி வகுப்பு தொடங்கிய பின் இருந்தால், அதை விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, கல்லூரிக் கடிதத்தோடு அவசர ஸ்லாட் கேட்கலாம். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி "நான் எடுத்துத் தர்றேன்" என்கிற தரகர்களிடம் போகவேண்டாம். கணக்கு முடங்கினால் அவர் கைப்பேசியும் முடங்கிவிடும்.

பணக் காகிதம்

உதவித்தொகையோடு முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. துறை கொடுக்கும் கடிதம், ஐ-20-யில் அதே தொகை, சம்பளச் சீட்டு, போன வருட வரிப் படிவம். அப்பாவின் வங்கிப் புத்தகத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வருமானமே இல்லாத மாணவரும் வருடாவருடம் 8843 என்ற படிவம் அனுப்பியிருக்க வேண்டும், அதன் நகலையும் ஃபைலில் வையுங்கள்.

சொந்தச் செலவில் முதுநிலை படிப்பவர்களுக்குத்தான் வேலை. போன முறை கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டியிருப்பீர்கள். இந்த முறை அதில் எவ்வளவு எடுத்தாயிற்று, எவ்வளவு மீதி, மீதிப் படிப்புக்கு எவ்வளவு வேண்டும் என்ற மூன்று எண்ணையும் விரல் நுனியில் வைத்திருங்கள்.

அப்பா என்ன செய்கிறார் என்றால் ஒற்றைச் சொல்லில் மீனவர் என்று நிறுத்திக்கொள்வார்கள் நம் பிள்ளைகள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் கேட்பவருக்கு அதிலிருந்து எதுவும் புரியாது. சொந்தமாக விசைப்படகு இருக்கிறது, இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இறாலும் நண்டும் கணவாயும் ஏற்றுமதிக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். மீன்வளத் துறையின் படகுப் பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மெண்ட் மூன்றும் அதற்குத் துணை. ஸ்டேட்மெண்ட் ஆறு மாதம் போதும் என்று எங்கும் எழுதியிருக்கும். நான் ஒரு வருடத்துக்கு எடுக்கச் சொல்கிறேன். ஜூலையில் நேர்காணலுக்குப் போகிறவர் ஆறு மாதம் எடுத்தால் அதில் இரண்டு மாதம் தடைக்காலம், கணக்கு வறண்டு கிடக்கும். ஒரு வருடம் என்றால் இறால் பட்ட மாதங்களும் தெரியும். "ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை அரசாங்கமே மீன்பிடிக்கத் தடை போடும், அதனால் அந்த மாதங்களில் வரவு இல்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான் விளக்கம்.

உள்பக்கத்து ஊர்களில் மிளகாய் போடுகிற வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைச் சொன்னால் அப்பா தொழிலுக்கு ஒரு முகம் வரும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பல வீடுகளில் வரிக் கணக்கே இருக்காது. சிட்டா, அடங்கல், மண்டி பில், வட்டாட்சியர் வருமானச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மீன்பிடி வருமானம் விவசாய வருமானம் ஆகாது. "நாங்களும் வரி கட்ட வேண்டாம்னு சொன்னாங்க" என்று படகுக்காரர்கள் சொல்லும்போது நான் ஆடிட்டரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

துபாய், சவுதியில் இருக்கிற மாமா செலவு செய்தால் அவருடைய சம்பளக் கடிதம், என்ஆர்இ கணக்கு ஸ்டேட்மெண்ட், அங்கத்துக் குடியிருப்பு அட்டை நகல். போன முறை அப்பா கட்டுவார் என்று சொல்லி இப்போது மாமா கட்டுகிறார் என்றால் காரணமும் தயாராக இருக்கட்டும். இந்தக் கடற்கரையில் காரணம் பல வீடுகளில் ஒன்றே: படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுத் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லலாமா என்று தயங்குகிறார்கள். சொல்லலாம். "எங்கள் படகு போன வருடம் பறிமுதல் ஆகிவிட்டது. அதனால் இரண்டாம் வருடக் கட்டணத்தை மாமா ஏற்றுக்கொண்டார், இதோ அவருடைய காகிதங்கள்." இதற்கு மேல் கச்சத்தீவு வரலாறு வேண்டாம். அதிகாரிக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, உங்களுக்கும் கோபம் வந்துவிடும்.

நேர்காணலுக்கு முதல் வாரம் நகையை அடகு வைத்துக் கணக்கில் பணம் காட்டுவதை விட்டுவிடுங்கள். வட்டி உங்கள் வீட்டுக்கு, சந்தேகம் அதிகாரிக்கு. திடீரென்று விழுந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு பிள்ளையாலும் நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

சன்னல் முன்னால்

போய் வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பது என் வழக்கம். நின்றுகொண்டே பேச வேண்டும், நடுவில் கண்ணாடி, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் சுமந்து போன ஃபைலில் பாதியை அவர் தொடவே மாட்டார். ஆனாலும் கேட்டால் உடனே எடுக்கிற வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். மேலே பழைய, புதிய பாஸ்போர்ட்டுகள், படிவ உறுதிப் பக்கம், ஸ்லாட் தாள், எல்லா ஐ-20-களும். அதற்குக் கீழே மதிப்பெண் பட்டியலும் படிப்பு தொடர்கிறது என்ற கல்லூரிக் கடிதமும். கடைசியில் பணக் காகிதம்.

என்ன படிக்கிறீர்கள் என்று தொடங்குவார்கள். முதல் முறை போனவர் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர் அதையே சொன்னால் சந்தேகம்தான் வரும். கடலியல் படிக்கிற பாம்பன் பெண் ஒருத்தி சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "கடல்புல் படுகையில் எவ்வளவு கார்பன் தங்குகிறது என்று அளக்கிறேன். தகுதித் தேர்வு முடித்துவிட்டேன். அடுத்த மே மாதம் ஆய்வேட்டைக் கொடுப்பேன்." செய்யும் வேலையும் முடித்த கட்டமும் முடிக்கப்போகிற காலமும் அதிலேயே வந்துவிட்டன. ஆய்வு செய்கிறவர்கள் பதிலை வீட்டில் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். பாட்டிக்குப் புரிந்தால் அதிகாரிக்கும் புரியும்.

நீருக்கடியில் ஒலிக் கருவி, ட்ரோன், அணுத்துறை, குறைக்கடத்தி, உயிர்த்தொழில்நுட்பம் மாதிரியான துறைகளில் இருந்தால் கூடுதல் சரிபார்ப்புக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். தன்விவரக் குறிப்பு, வெளியான கட்டுரைகளின் பட்டியல், ஆய்வு பற்றி ஒரு பக்கம், வழிகாட்டியின் கடிதம் என்று முன்கூட்டியே எடுத்துப் போங்கள். அன்றைக்கே கேட்டால் கொடுக்கலாம், பின்னர் மின்னஞ்சலில் கேட்டாலும் ஓட வேண்டியிருக்காது.

அப்புறம் மாற்றங்களைப் பற்றிய கேள்விகள். ஏன் கல்லூரி மாற்றினாய், ஏன் படிப்பு ஒரு வருடம் நீண்டது, அந்த செமஸ்டரில் ஏன் மதிப்பெண் இறங்கியது. காரணம் சிறியதாக இருந்தாலும் உண்மையாக இருந்தால் எடுபடும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்த மாதம் என்றால் அதையே சொல்லுங்கள். அடுத்த செமஸ்டரில் ஏறிய மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு முதுநிலை முடித்துவிட்டு அதே தரத்தில் இன்னொரு முதுநிலையில் சேர்ந்திருந்தால் கேள்வி கடுமையாகவே இருக்கும். முதல் படிப்பில் இல்லாதது இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

வேலை பற்றிக் கேட்பார்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம்தான் அனுமதி. பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கையில் காசு வாங்கி வேலை பார்த்திருந்தால், என் கடையில் அதற்கு மருந்து இல்லை, வழக்கறிஞரிடம் போங்கள். சன்னலில் பொய் மட்டும் சொல்லாதீர்கள். தவறான தகவல் கொடுத்ததாக எழுதிவிட்டால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும். ஓபிடி-யில் இருப்பவர்கள் வேலை அட்டை, நிறுவனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள் கொண்டு போங்கள். வேலை இல்லாமல் இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது, அதையும் எண்ணி வைத்திருங்கள். வேலை இல்லாமல் ஓபிடி-யோடு ஊருக்கு வருபவர்களுக்கு என் யோசனை: அவசரம் இல்லை என்றால் வராதீர்கள்.

அங்கே போலீஸ் கேஸ் ஏதாவது இருந்தால், அது தள்ளுபடி ஆகியிருந்தாலும், நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலோடு போங்கள். 2025 ஏப்ரலில் சில்லறை வழக்குகளை வைத்தே பல மாணவர்களின் செவிஸ் பதிவை நீக்கினார்கள், பின்னர் திரும்பச் சேர்த்தார்கள். உங்கள் பதிவு இப்போது உயிரோடு இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிட்டே சென்னைக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக, முடித்ததும் என்ன செய்வாய். அவர்கள் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடுவார் என்றே தொடங்குகிறார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. அம்மாவைப் பிரிந்து இருக்க முடியாது, நண்டுக் குழம்பு கிடைக்காது என்ற வகைப் பதில்கள் வேண்டாம். கடலியல் என்றால் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, எதிரே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது. மின்பொறியியல் என்றால் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. கணினி என்றால் சென்னை, பெங்களூரு என்று நேராகச் சொல்லலாம். உங்கள் படிப்பு இங்கே எங்கே பயன்படும் என்று பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும். ஓபிடி செய்ய ஆசை என்றால் அதையும் மறைக்க வேண்டாம், அது சட்டம் அனுமதிக்கிற பயிற்சி.

போய்ச் சேருவது

இங்கிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கைரேகையும் படமும் எடுக்க ஒரு நாள், நேர்காணலுக்கு அதற்கு அடுத்து ஒரு நாள் என்று தனித்தனியாக வரும், ஆகவே இரவு தங்கல் உண்டு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஸ்லாட் உறுதியானவுடன் சேது எக்ஸ்பிரஸிலோ போட் மெயிலிலோ பார்த்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவுப் பிள்ளைகள் ராமேஸ்வரத்திலேயே ஏறலாம். ஆனால் காற்று பலமானால் பாலத்துக்கு முன் ரயிலை நிறுத்தி வைப்பார்கள், ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இறங்கி அப்படியே கைரேகைக்கு ஓடுகிற திட்டம் போடாதீர்கள். கீழக்கரைக்காரர்களுக்கு மண்ணடியில் சொந்தம் இருக்கும், மற்றவர்கள் எழும்பூர்ப் பக்கம் அறை எடுக்கலாம்.

துணைத் தூதரகம் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி. மெட்ரோவில் வந்தால் ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ் இரண்டு நிலையங்களுக்கும் இடையில் வரும். கைப்பேசி, பை, ஸ்மார்ட் வாட்ச் எதுவும் உள்ளே போகாது. கூட வருகிற அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்துவிட்டு, அவர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஸ்லாட் தாளும் படிவமும் கைப்பேசியில் இருக்கிறது என்று வந்து நிற்காமல் அச்சில் கொண்டு போங்கள். ஜெராக்ஸ் கடைக்காரி சொல்கிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகு

பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொண்டு, விசா அனுமதிக்கப்பட்டது என்றால் வேலை முடிந்தது. 221(ஜி) தாள் கொடுத்தால் அதில் கேட்டதை மட்டும், கேட்ட வழியில் அனுப்பிவிட்டு விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். கல்லூரிக்கும் அன்றைக்கே எழுதுங்கள். தாமதமானால் செமஸ்டரை என்ன செய்வது என்று அவர்களுக்கு வழி தெரியும். 214(பி) என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் போன வாரம் சொன்னதையே அடுத்த வாரமும் போய்ச் சொல்வதில் 185 டாலர்தான் போகும். இடையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும், அல்லது விட்டுப்போன காகிதம் ஒன்று கையில் வந்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாவில் பெயர், பிறந்த தேதி, கல்லூரி, செவிஸ் எண் நான்கையும் ஐ-20-யோடு வைத்துப் பாருங்கள், விசா முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் ஊரில் இருக்கும்போதே எழுதித் திருத்த வேண்டும். விமான டிக்கெட் இதற்குப் பிறகுதான். ஐ-20-யையும் பணக் காகிதத்தையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள், இறங்கும் விமான நிலையத்தில் மறுபடி ஒரு அதிகாரி கேட்பார். போய்ச் சேர்ந்த வாரமே ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் இறக்கி, எஃப்-1 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நகலைக் கல்லூரி அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.